நிரந்தரவாசத்துக்குப் பயிற்சி வகுப்பா? பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

மாலை நிகழ்ச்சியில் பாட்டு ஒலிக்கும் நாலு நிமிடங்கள்தான் எங்களுக்கு இளைப்பாறும் நேரம். அந்த நேரத்தில் வரும் அழைப்புகளில் பாதி, "அடுத்து இந்தப் பாட்டைப் போடுங்க" என்று கேட்பவை. மீதியில் சில, காற்றலையில் போக முடியாதவை.

சென்ற ஆண்டு அப்படி ஓர் அழைப்பு. கும்பகோணம் பக்கத்துப் பெண், குரலில் முப்பது வயது தெரிந்தது. "அக்கா, இதை ரேடியோவுல போட்டுடாதீங்க. உங்ககிட்ட மட்டும் கேக்கணும்" என்றார். கணவர் இங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். மகள் பாலர் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி. அதற்குள் நிரந்தரவாசம் கிடைத்தால் நல்லது என்று ஒரு விளம்பரத்தை நம்பி, 'பிஆர் தயார்நிலைப் பயிற்சி' ஒன்றுக்கு 4,200 வெள்ளி கட்டியிருக்கிறார்கள். ஏழு மாதங்களுக்குப் பிறகு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. பணம்?

"திருப்பித் தர மாட்டாங்களாம். இன்னொரு தடவ இலவசமா அப்ளை பண்ணித் தருவாங்களாம். அப்பாவோட கண் ஆபரேஷனுக்குன்னு சேத்து வச்ச காசுக்கா அது. ஊருக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பாட்டு முடிந்துவிட்டது. நான் அவருடைய எண்ணைக் குறித்துக்கொண்டு மைக்கை இயக்கினேன். அந்தக் கட்டுரைதான் இது. அவர் சம்மதத்தோடு, அவர் யார் என்று தெரியாதபடி எழுதுகிறேன்.

எதற்குப் பயிற்சி?

முதலில் ஓர் எளிய கேள்வி. சிங்கப்பூர் நிரந்தரவாசத்துக்குத் தேர்வு இருக்கிறதா? இல்லை. மொழித் தேர்வு இல்லை, வரலாற்றுத் தேர்வு இல்லை. தேர்வே இல்லாத ஒன்றுக்குப் பயிற்சி வகுப்பு எப்படி வந்தது?

குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் தான் எதைப் பார்க்கிறது என்பதைப் பொதுவாகச் சொல்லியிருக்கிறது. சிங்கப்பூரர்களுடன் உள்ள குடும்ப உறவு, பொருளியல் பங்களிப்பு, கல்வித் தகுதி, வயது, குடும்பப் பின்னணி, இங்கு வாழ்ந்த காலம் ஆகியவற்றை வைத்து, இந்த நாட்டுக்குப் பங்களிக்கவும் இங்கே வேரூன்றவும் ஒருவரால் முடியுமா என்று எடைபோடுகிறது. ஆனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று பட்டியல் எதையும் அது வெளியிடவில்லை. நிராகரித்தால் காரணத்தை விளக்கிச் சொல்வதும் வழக்கமில்லை.

அந்த மௌனத்தில்தான் இந்த வியாபாரம் வளர்கிறது. நமக்குத் தெரியாததை 'எங்களுக்குத் தெரியும்' என்று ஒருவர் சொன்னால் மனம் இளகிவிடும். அதிலும் நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பத்தாம் வகுப்புக்கு டியூஷன், பன்னிரண்டாம் வகுப்புக்கு டியூஷன், வேலை நேர்காணலுக்கும் பயிற்சி மையம். அந்த வரிசையில் பிஆருக்கும் வகுப்பு என்றால் அது இயல்பாகவே தோன்றுகிறது.

இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. 2023 செப்டம்பர் முதல் புதிய எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பங்களுக்கு 'காம்பஸ்' என்ற புள்ளிமுறை வந்தது. அதில் 40 புள்ளிகள் தேவை. அது மனிதவள அமைச்சு வேலை அனுமதிக்காக வைத்திருக்கும் முறை. நிரந்தரவாசத்தை முடிவு செய்வது வேறோர் அமைப்பு. இரண்டையும் கலந்து, 'பிஆர் புள்ளிக் கணிப்பான்' என்று யாராவது காட்டினால், அந்தப் புள்ளிகள் அவர்களே போட்டுக்கொண்டவை.

நம் கும்பகோணத்துத் தங்கைக்கும் அப்படித்தான் நடந்தது. இலவச மதிப்பீடு என்று அழைத்தார்கள். நகர மையத்தில் குளிரூட்டிய அறை, திரையில் வண்ண வரைபடம். 'உங்கள் குடும்பத்துக்கு 87 விழுக்காடு வாய்ப்பு' என்றார் விற்பனையாளர். 'இன்று மாலை ஆறு மணிக்குள் கையெழுத்திட்டால் 800 வெள்ளி தள்ளுபடி' என்றும் சொன்னார். நாலு மாலை வகுப்புகள், ஓர் அறிமுகக் கடிதம், தொண்டூழியச் சான்றிதழ்களை எப்படிச் சேர்ப்பது என்ற ஆலோசனை, கோப்பு தயாரிப்பு. நாலில் இரண்டு வகுப்புகள் முன்பே பதிவுசெய்த காணொளிகள்.

உண்மையில் ஆகும் செலவு

விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 100 வெள்ளி. கணவர், மனைவி, ஒரு குழந்தை என்றால் 300. நிராகரித்தாலும் திரும்ப வராது. ஒப்புதல் கிடைத்த பிறகு நுழைவு அனுமதி, மறுநுழைவு அனுமதி, அடையாள அட்டை என்று தனித்தனியாகச் சிறு கட்டணங்கள் உண்டு. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்கு, உதாரணமாகத் தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழுக்கு, முறையான மொழிபெயர்ப்பு வேண்டும். அதற்கு ஒரு செலவு. அவ்வளவுதான்.

பெரும்பாலோருக்கு விண்ணப்பம் முழுவதும் சிங்பாஸ் மூலம் இணையத்தில் முடிந்துவிடும். வேலை செய்யும் நிறுவனம் நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவத்தை எந்த ஆலோசகரும் நிரப்ப முடியாது. அதற்கு நம் மனிதவளப் பிரிவின் கதவைத்தான் தட்ட வேண்டும். முழுமையான ஆவணங்கள் இருந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் முடிவு வரும். சிலருக்குக் கூடுதல் காலம் ஆகும்.

இடைத்தரகர் மூலம் வந்த விண்ணப்பத்துக்கு முன்னுரிமை எதுவும் கிடையாது என்று ஆணையம் பலமுறை சொல்லியிருக்கிறது. எந்த ஆலோசனை நிறுவனத்தையும் அது பரிந்துரைப்பதும் இல்லை. 2023ல் சுமார் 34,500 பேருக்கு நிரந்தரவாசம் வழங்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் இத்தனை பேர் பெறுகிறார்கள் என்றால், ஒரு நிறுவனம் தன் சுவரில் மாட்டியிருக்கும் 'வெற்றி பெற்ற வாடிக்கையாளர்' படங்களில் எத்தனை பேருக்கு அந்த நிறுவனத்தால் கிடைத்தது, எத்தனை பேருக்கு எப்படியும் கிடைத்திருக்கும் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆவணங்களைச் சேர்த்து அடுக்கவும், ஆங்கிலத்தில் எழுதவும் நேரமோ துணிவோ இல்லாதவர்கள் அதற்கு ஒருவரைப் பணம் கொடுத்து அமர்த்துவது தவறில்லை. அப்படி ஒழுங்காகச் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாம் வாங்குவது எழுத்து வேலையை. முடிவை யாராலும் விற்க முடியாது.

உரிமம் யாரிடம்?

வேலை வாங்கித் தரும் முகவருக்கு மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். ஊழியரிடம் அவர் வாங்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். பட்டயம், பட்டம் தரும் தனியார் பள்ளி என்றால் 2009ஆம் ஆண்டின் தனியார் கல்விச் சட்டம் இருக்கிறது. அங்கே மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் ஏழு வேலை நாள்களுக்குள் மனம் மாறலாம்.

பிஆர் ஆலோசனைக்கு அப்படித் தனி உரிமமும் இல்லை, கட்டண வரம்பும் இல்லை. 'அகாடமி' என்று பெயர்ப் பலகை இருப்பதால் மட்டும் அது பதிவுபெற்ற கல்வி நிலையம் ஆகிவிடாது. நிறுவனப் பதிவு எண் இருக்கிறதே என்பார்கள். அது ஒரு வியாபாரம் பதிவாகியிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். கோழிச்சோற்றுக் கடைக்கும் அது உண்டு.

மற்ற நாடுகள் இதை வேறு விதமாகக் கையாள்கின்றன. ஆஸ்திரேலியாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு குடிநுழைவு ஆலோசனை சொல்ல, பதிவுபெற்ற முகவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர் படிக்கும் பள்ளி திடீரென்று மூடப்பட்டால், வேறு பள்ளியில் இடமோ கட்டணமோ கிடைக்க 2012 முதல் ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் இருக்கிறது. கனடாவில் 2021 நவம்பரில் குடிநுழைவு ஆலோசகர்களுக்கென ஒழுங்குமுறைக் கல்லூரி ஒன்று செயல்படத் தொடங்கியது.

நெதர்லாந்தின் அனுபவம் இன்னும் சுவையானது. அங்கே குடியேறுபவர்களில் பலர் மொழித் தேர்வும் சமூக அறிவுத் தேர்வும் எழுதியாக வேண்டும். 2013ல் அரசாங்கம், 'வகுப்பை நீங்களே தேடிக்கொள்ளுங்கள், 10,000 யூரோ வரை கடன் தருகிறோம்' என்று சந்தையிடம் விட்டுவிட்டது. தரமுத்திரை பெற்ற பள்ளிகளில் மட்டுமே அந்தக் கடனைச் செலவிடலாம் என்ற பாதுகாப்பும் இருந்தது. அப்படியும் நடத்தாத வகுப்புக்குக் கணக்கு எழுதிய பள்ளிகள் வந்தன. ஊருக்குப் புதியவர், மொழி தெரியாதவர், எது நல்ல பள்ளி என்று எப்படித் தேர்ந்தெடுப்பார்? 2022 ஜனவரி முதல் புதிய சட்டத்தின்கீழ் பொறுப்பின் பெரும்பகுதி மீண்டும் நகராட்சிகளிடம் போய்விட்டது. தரமுத்திரை இருந்த இடத்திலேயே இந்தக் கதை என்றால், முத்திரையே இல்லாத இடத்தில் நம் கவனம்தான் முதல் காவல்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா?

இருக்கிறது. தனி உரிமம் இல்லை என்பதால் சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் 2004 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. சேவை விற்கும் யாருக்கும் அது பொருந்தும். அதன்படி 'நியாயமற்ற நடைமுறை' என்று கருதப்படுபவற்றில் சில:

• பயனீட்டாளரை ஏமாற்றும் அல்லது தவறாக வழிநடத்தும் எதையும் சொல்வது, செய்வது, அல்லது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது.

• இல்லாத அங்கீகாரம் இருப்பதாகக் காட்டிக்கொள்வது. 'ஆணையத்தோடு தொடர்பு உண்டு' என்ற பேச்சு இதில் வரும்.

• உண்மையில் காலக்கெடு இல்லாதபோது 'இன்று மட்டும்' என்று அவசரப்படுத்துவது.

• முக்கியமான தகவலைச் சிறிய எழுத்தில் ஒளித்துவைப்பது.

• ஒப்பந்தத்தின் தன்மையோ மொழியோ விளைவோ புரியாத நிலையில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தும் அதைப் பயன்படுத்திக்கொள்வது.

கடைசியை இன்னொரு முறை படியுங்கள். 'மொழி' என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. பதினெட்டுப் பக்க ஆங்கில ஒப்பந்தத்தைப் புரட்டி, 'இங்கே, இங்கே கையெழுத்து' என்று விரல் காட்டும் விற்பனையாளர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே களைந்துவிடலாம். 'ஐந்து நாளுக்குள் எதை வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்' என்று பலர் சொல்கிறார்கள். அந்த ஐந்து வேலை நாள் அவகாசம், நாம் அழைக்காமலே வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வந்து விற்கும் நேரடி விற்பனை, டைம்ஷேர் போன்ற சில வகை ஒப்பந்தங்களுக்குத்தான். நாமே மின்தூக்கி ஏறிப் போய்க் கையெழுத்திட்டால், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய அந்த அவகாசம் இல்லை.

எங்கே போவது?

நம் தங்கையிடம் நான் முதலில் கேட்டது, "வாட்ஸ்அப்ல பேசினது எல்லாம் இருக்காம்மா?" என்றுதான். இருந்தது. 87 விழுக்காடு என்ற வரி இருந்தது. 'இன்று ஆறு மணிக்குள்' என்ற வரியும் இருந்தது. மறுநாளும் அதே 'இன்று மட்டும்' தள்ளுபடி விளம்பரம் ஓடிய படத்தை அவர் தோழி எடுத்து வைத்திருந்தார். வகுப்புக் கால அட்டவணை, ரசீது, ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கினோம்.

முதல் படி, நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். தொலைபேசியில் கோபப்படுவது மனத்துக்கு ஆறுதல், ஆனால் சாட்சி ஆகாது. தேதி, தொகை, என்ன சொன்னார்கள், என்ன நடந்தது, எவ்வளவு கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதுங்கள்.

இரண்டாவது, 'கேஸ்' என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம். 1971 முதல் இயங்கும் அமைப்பு. நிறுவனத்திடம் பேசிப் பார்க்கும், தேவைப்பட்டால் சமரசப் பேச்சுக்கு ஏற்பாடு செய்யும். திரும்பத் திரும்பத் தவறு செய்யும் நிறுவனங்களைப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் விசாரித்து, நீதிமன்றத் தடையாணை கேட்கலாம். 2018 ஏப்ரலில் அந்த அதிகாரம் அதற்கு வந்தது. அதனால்தான் ஒருவருடைய புகார் இன்னொருவருக்கும் உதவுகிறது.

மூன்றாவது, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 2019 நவம்பரிலிருந்து 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, எதிர்த்தரப்புக்கும் அப்படித்தான். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிப்பட்ட பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. விண்ணப்பத்தை இணையத்திலேயே பதிவு செய்யலாம்.

தங்கை மூன்றாவது படிவரை போக வேண்டியிருக்கவில்லை. சமரசப் பேச்சில் நிறுவனம் 2,500 வெள்ளியைத் திருப்பித் தந்தது. நடந்த வகுப்புகளுக்கும் தயாரித்த கோப்புக்குமான தொகை என்று மீதியை வைத்துக்கொண்டது. முழுத் தொகைக்காக நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். "போதும்க்கா, அப்பாவுக்கு ஒரு கண்ணுக்காவது ஆச்சு" என்றார். எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் அவர்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு

பணம் போனால் சம்பாதிக்கலாம். சில தவறுகள் அப்படியல்ல.

விண்ணப்பத்தில் கையெழுத்து நம்முடையது. ஆலோசகர் சேர்த்த பொய்ச் சான்றிதழோ, ஏற்றிச் சொன்ன சம்பளமோ, போகாத தொண்டூழியமோ அதில் இருந்தால், பொறுப்பு நம்முடையதே. குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். அபராதம், சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஏற்கெனவே கிடைத்த தகுதியையும் இழக்க நேரிடலாம். சிங்பாஸ் கடவுச்சொல்லை எவரிடமும் கொடுக்காதீர்கள். அது உங்கள் வீட்டுச் சாவி, வங்கிச் சாவி, வரிச் சாவி எல்லாம் சேர்ந்தது.

ஆண் பிள்ளை உள்ள குடும்பங்கள் இன்னொன்றையும் பேசி முடிவெடுக்க வேண்டும். பெற்றோரின் ஆதரவில் நிரந்தரவாசம் பெறும் மகனுக்குத் தேசிய சேவைக் கடமை உண்டு. பதினாறரை வயதில் பதிவு தொடங்கும். 'அப்போது பார்த்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பிஆரை விட்டுவிடலாம்' என்று விற்பனை மேசையில் சொல்வது எளிது. சேவை செய்யாமல் விட்டால், பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ கேட்கும்போது அது கணக்கில் வரும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறு ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் எங்கள் வானொலிக் கூடாரத்துக்கு ஒரு தம்பி வந்தார். கட்டுமானத் தளத்தில் வேலை, ஒர்க் பெர்மிட். "600 வெள்ளி கட்டிக் கோர்ஸ் முடிச்சா பிஆர் போடலாமாம். சேரலாமாக்கா?" என்று கேட்டார். எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் போன்ற அனுமதி வைத்திருப்பவர்கள்தாம் வேலை அடிப்படையில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் அந்த அடிப்படையில் விண்ணப்பிக்க வழியில்லை. எந்த வகுப்பும் அதை மாற்றாது. நல்லவேளை, அவர் கட்டுவதற்கு முன்பு கேட்டார். கேட்காதவர்கள் எத்தனை பேரோ.

கையெழுத்திடும் முன்

'எனக்கு எந்த வகையில் தகுதி இருக்கிறது?' என்று ஆணையத்தின் இணையத்தளத்தில் நீங்களே ஒரு முறை பாருங்கள். அரை மணி நேரம் போதும். பிறகும் உதவி வேண்டும் என்று தோன்றினால், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. எந்தெந்த வேலைக்கு எவ்வளவு? மொத்தத் தொகை வேண்டாம், தனித்தனியாக எழுதித் தாருங்கள்.

2. 'உத்தரவாதம்' என்றால் பணமா, இன்னொரு விண்ணப்பமா? எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

3. பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும்?

4. அனுப்புவதற்கு முன் முழு விண்ணப்பத்தையும் நான் படிக்கலாமா?

5. ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, நாளை வரலாமா?

ஐந்தாவது கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால், மற்ற நாலையும் கேட்க வேண்டியதில்லை. எழுந்து வந்துவிடலாம்.

குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்த பிறகு நீங்கள் முடிக்க வேண்டிய 'சிங்கப்பூர்க் குடியுரிமைப் பயணம்' என்ற திட்டம் அரசாங்க ஏற்பாடு. அதற்கான அழைப்பு உங்களுக்கு வரும். அதற்கு முன்கூட்டியே தனியார் வகுப்பு எதுவும் தேவையில்லை.

கும்பகோணத்துத் தங்கை இந்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார். இம்முறை சாப்பாட்டு மேசையில், மூன்று இரவுகள், கணவரும் அவரும் மட்டும். பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்போடு சேர்த்து 400 வெள்ளிகூட ஆகவில்லை என்றார். முடிவு இன்னும் வரவில்லை. "கிடைக்குமாக்கா?" என்று சென்ற வாரம் கேட்டார்.

"தெரியலம்மா" என்றேன்.

"அதான்க்கா. அன்னிக்கு அந்த ஆபீஸ்ல யாராவது இப்படிச் சொல்லியிருந்தா, எழுந்து வந்திருப்பேன்."